கிளை நூலகத்தில் கதை நேரம்: ஒரு பொருள், முக்கால் மணி நேரம்

திருப்பூர் பக்கம் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். வருகிறவர்களுக்கு மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை இருக்கும். பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ‘எங்கள் ஊரிலும் நூலகம் இருக்கிறது, நாங்களும் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?’ என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

கதை நேரம் முடிந்ததும் குழந்தை தானாக எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவ வேண்டும். நான் செய்கிற எல்லாமே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். ஒரு நாளைக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொள்வதும் அதற்காகத்தான். மழை என்றால் அன்று முழுக்க மழை. கதையிலும் மழை, விளையாட்டிலும் மழை, கடைசியில் செய்கிற காகிதக் கப்பலிலும் மழை. முக்கால் மணி நேரத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு மழை பழகிவிடும். அப்புறம் அலமாரியில் குடை படம் போட்ட அட்டையைப் பார்த்தால், திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவர் முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். கை அங்கே போகும்.

நூலகரிடம் பேசுங்கள்

கிளை நூலகங்கள் அந்தந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. நீங்கள் நேராகப் போய்ப் பார்க்க வேண்டியவர் உங்கள் ஊர் நூலகர்தான். அவர் தயங்கினால், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி அவர் வழியாகவே அனுப்பலாம். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள், இவ்வளவு எழுதினால் போதும். பணம் வாங்கப் போவதில்லை என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். அதன் நிகழ்ச்சியாகவே தொடங்கிவிடலாம்.

பல கிளை நூலகங்களில் ஒரே ஆள்தான் பொறுப்பு. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, நாளிதழ் அடுக்குவது, பதிவேடு எழுதுவது, எல்லாம் அவர்தான். அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றாதீர்கள். பாய் விரிப்பது, கூட்டுவது, புத்தகங்களை எடுத்த இடத்திலேயே வைப்பது எல்லாம் உங்கள் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யுங்கள். இரண்டு மாதத்தில் அவரே உங்களுக்காகப் புதுப் படப் புத்தகங்களைத் தனியாக எடுத்து வைப்பார். எங்கள் நூலகர் அப்படித்தான் செய்கிறார்.

நாளும் நேரமும்

ஊர் எப்படி வாழ்கிறதோ அதைப் பார்த்து நேரத்தை வையுங்கள். எங்கள் பக்கம் பல கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. அதனால் ஞாயிறு என்று முடிவு செய்தோம். முதலில் காலை 11 மணி வைத்தேன். ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். அந்த நேரத்தில் வீட்டில் கறி எடுத்து வந்து, குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மாலை 4 மணிக்கு மாற்றினோம், பிள்ளைகள் வந்தார்கள். கடலோர ஊரிலும் நெல் விளைகிற ஊரிலும் கணக்கு வேறாக இருக்கும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது நமக்கு வசதி.

பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் ஒரே ஆளாகச் சமாளிக்க முடியாது. அதற்கு மேல் வந்தால் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது பொருள் ஆகும்?

கையால் தொடக்கூடியதாக, காதால் கேட்கக்கூடியதாக, இல்லையென்றால் மூக்கால் முகரக்கூடியதாக இருக்க வேண்டும். நட்பு, நேர்மை, ஒற்றுமை இவையெல்லாம் நமக்குப் பொருள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் குடை, நண்டு, பொத்தான், சக்கரம், வாழைப்பழம்தான் பொருள். நட்பைச் சொல்ல ஆசை இருந்தால் நண்டுக் கதைக்குள் வைத்துச் சொல்லுங்கள். சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம்.

காலண்டரைப் பார்த்தால் பொருள் தானாகக் கிடைக்கும். தை மாதம் மாடு. சித்திரையில் நுங்கு. நுங்கு வண்டி ஓட்டத் தெரிந்த தாத்தா யாராவது இருந்தால் அவரையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆடியில் காற்று, ஓலைக் காற்றாடி. ஐப்பசியில் மழை. ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளை ஒட்டி வருவது. அன்றைக்கு நான் எடுக்கிற பொருள் வண்டி. 1931-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டிக்குச் சக்கரம் ஒட்டிக் கயிறு கட்டி, புத்தகங்களை ஏற்றி, நூலகத்துக்குள்ளேயே ஒரு சுற்று இழுத்துக்கொண்டு வருவோம். மாட்டுக்குத்தான் போட்டி, எல்லாரும் மாடாக வேண்டும் என்பார்கள்.

எந்தப் பொருளை எடுத்தாலும், வருகிற எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அது சொந்தமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறை யோசித்துவிட்டு எடுங்கள்.

புத்தகம் எடுப்பது

ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் வாசிக்கவும், பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் பாயில் பரப்பி வைக்கவும் வேண்டும். வாசிக்கிற புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிக்கு மேல் இருக்கக் கூடாது. படம் பெரிதாக, ஆறடி தள்ளி உட்கார்ந்த பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தூலிகா, தாரா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் வெளியிட்ட தமிழ்ப் படப் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்செடுக்கத் தடையில்லை.

அதே கதையை டிவியிலோ மடிக்கணினியிலோ போட்டுக் காட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். திரை அவர்களுக்கு வீட்டிலேயே இருக்கிறது. இங்கே தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்க வேண்டும்.

முந்தைய நாள் இரவு புத்தகத்தை வாய்விட்டு மூன்று தடவை படியுங்கள். எழுத்து நடையில் இருக்கிற வரியை உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லலாமா என்றால், சொல்லலாம். நான் முதல் முறை அச்சில் இருப்பதைப் படிப்பேன், பிள்ளை முகம் சுருங்கினால் அடுத்த வரியைப் பேச்சில் சொல்வேன். ‘அவள் மகிழ்ச்சியடைந்தாள்’ என்று படித்துவிட்டு, ‘அவளுக்கு ஒரே குஷி’ என்றால் போதும், புரிந்துவிடும்.

ஒரு மழை நாள், முழுதாக

இதை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் கதை நேரத்தை நடத்தலாம். வேண்டியவை: ஒரு துணிப்பை, ஒரு பழைய குடை, ஒரு மழைப் புத்தகம், பழைய நாளிதழ், ஓர் அகலமான பேசின், அதில் பாதித் தண்ணீர்.

நீங்கள் தாழ்வான முக்காலியில் உட்காருங்கள், பிள்ளைகள் ஜமக்காளத்தில். நூலகத்தின் ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கும், புத்தகத்தின் படம் இருண்டு போகும்.

முதல் ஐந்து நிமிடம் பைக்குத்தான். பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் வாயைக் கட்டி, ஒவ்வொருவரையும் வெளியிலிருந்து தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பு என்பான் ஒருவன். பாம்பு என்பாள் ஒருத்தி. எதையும் தப்பு என்று சொல்லாதீர்கள். எல்லாரும் தொட்ட பிறகு குடையை வெளியே எடுத்துச் சடாரென்று விரியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளைகள் வாசலிலேயே, ‘அக்கா, இன்னிக்குப் பையில என்ன?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

குடை வந்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: ‘உங்க வீட்டுல மழைக்கு என்ன சொல்வாங்க?’ எங்கள் ஊரில் பீகார், ஒடிசா பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தி பேசும் வீட்டில் பாரிஷ், ஒடியாவில் பர்ஷா, தெலுங்கு வீட்டில் வான. அதுவரை சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, தன் சொல்லை மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொல்வதைக் கேட்டதும், நகர்ந்து நகர்ந்து முன்வரிசைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும் இந்தக் கேள்வியை நான் விட்டதில்லை.

அடுத்தது மழை பெய்ய வைப்பது. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டுங்கள், தூறல். இரண்டு விரல், கொஞ்சம் வலுக்கிறது. நான்கு விரல், சடசடவென்று அடிக்கிறது. இரண்டு கையையும் தட்டினால் பெருமழை, தொடையில் தட்டினால் அடைமழை, காலைத் தரையில் உதைத்தால் இடி. இடியை அவர்கள் ஆசை தீர இடிக்கட்டும். அப்புறம் வந்த வழியே திரும்புங்கள். தொடை, கைதட்டல், நான்கு விரல், இரண்டு விரல், ஒரே விரல். அந்த ஒரு விரலும் நின்றதும் அறையே அமைதியாக இருக்கும். ‘சத்தம் போடாதே’ என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த அமைதி கலைவதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும்.

புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து படித்தால் பிள்ளைகளுக்கு அட்டைதான் தெரியும். தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்களைப் பார்க்கும்படி, கீழ் ஓரத்தில் கட்டைவிரல் கொடுத்துப் பிடியுங்கள். இடமிருந்து வலம் மெதுவாக ஒரு முறை நகர்த்திக் காட்டிவிட்டுப் படியுங்கள். நடுவில் ‘இது என்ன கலர்? இது எத்தனை?’ என்று கேட்டுப் பள்ளிக்கூடம் ஆக்கிவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும், தாளைப் புரட்டுவதற்கு முன்: ‘இப்ப என்ன ஆகும்?’ ஏழு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

முடிந்ததும் எழுப்பிவிடுங்கள். எல்லாரும் தவளை. குந்தி உட்கார்ந்து, பாயின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவ வேண்டும். உடம்பு ஆடினால்தான் அடுத்த கதைக்குக் காது திறக்கும்.

இரண்டாவது கதை புத்தகமில்லாமல், வாயால் சொல்வது. திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி அதில் இருக்க வேண்டும், அந்த வரி பிள்ளைகளுடையது. நான் சொல்கிற கதை இதுதான். பாட்டி மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருக்கிறார். மேகம் கறுக்கிறது. பாட்டி கூப்பிடுகிறார்: ‘வடகம் நனையுது, ஓடி வா!’ தாத்தா முறத்தோடு ஓடி வருகிறார், முறத்தில் ஓட்டை. பாட்டி மறுபடியும் கூப்பிடுகிறார், அக்கா துண்டோடு வருகிறாள், துண்டு பத்தவில்லை. மறுபடியும் கூப்பிட, நாய் வருகிறது, ஒன்றும் கொண்டு வரவில்லை, ஒரு வடகத்தைத் தின்கிறது. கடைசியில் குட்டித் தம்பி குடையோடு வந்து வடகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வடகம் நனையவில்லை, வீடே நனைந்துவிட்டது. இரண்டாவது முறையிலேயே பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் கத்துவார்கள். நாய் வருகிற இடத்தில் ஒரு நிமிடம் கதையை நிறுத்த வேண்டி வரும், சிரித்து முடிக்கட்டும். இதை அப்படியே சொல்லுங்கள், உங்கள் வீட்டு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கப்பல். கத்திக் கப்பல் வேண்டாம், மடிப்பு அதிகம். சாதாக் கப்பல் போதும், அதுவும் பாதி மடித்து வைத்த தாளாகக் கொடுங்கள். ஐந்து வயதுக்காரன் மீதியை மடிப்பான். மூன்று வயதுக்காரிக்குக் கப்பலைக் கையில் கொடுத்துவிடுங்கள், அவள் அதற்குப் பொட்டு வைக்கட்டும், வண்ணம் தீட்டட்டும். கப்பல் கோணலாக இருந்தால் நீங்கள் வாங்கித் திருத்தாதீர்கள். பேசினில் விட்டதும் சாய்ந்தால், அவனே ஏன் என்று பார்ப்பான். தண்ணீர் இருக்கிற பேசின் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் நகரவே கூடாது, பிள்ளைகள் கிளம்பியதும் உடனே கொட்டிவிட வேண்டும். பேசினைப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காமல் வாசல் திண்ணையில் வைப்பது நல்லது.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு, மழை, குளம், தவளை, மேகம், மீன் என்று சம்பந்தப்பட்ட புத்தகங்களை அட்டை தெரியும்படி ஜமக்காளத்தில் பரப்பி வையுங்கள். முதுகு தெரிய அடுக்கினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் சுவர். பரப்பிவிட்டு நீங்கள் ஒன்றும் பேசாமல் ஒதுங்கி உட்காருங்கள். தலைகீழாகப் பிடிப்பார்கள், கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். எல்லாம் சரிதான்.

கைவேலைக்கான பொருள்கள்

காசு போட்டு வாங்க வேண்டியது மிகக் குறைவு. எங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதில் எல்லா நிறமும் உண்டு. கையுறை மாதிரி முடிந்து இரண்டு கண் வரைந்தால் பொம்மை. உங்கள் ஊரில் ஓலையோ களிமண்ணோ சோளத்தட்டையோ இருக்கும், அதை எடுங்கள்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாம். மூன்று மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீர் வருகிற அளவுக்குச் சேர்த்து, சிறு தீயில் கிண்டுங்கள். வெள்ளை மாறிப் பளபளவென்று இறுகும்போது இறக்குங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையை நக்குவார்கள், அந்தப் பேச்சே வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று, ‘மஞ்சள்’ என்ற பொருளுக்கு நான் செய்வது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, முதல் நாளே காய வைத்துவிடுங்கள். குளியல் சோப்பைக் கரைத்த தண்ணீரில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தொட்டு, அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு போகிற இடமெல்லாம் செங்காவியாக மாறும். சோப்பின் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. பாத்திரம் கழுவும் திரவம் சிலவற்றில் இது வராது, வீட்டில் முயன்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். சுண்ணாம்பிலும் நிறம் மாறும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. எடுக்காதீர்கள்.

புளியங்கொட்டை, பொத்தான், மணி போன்றவை மூன்று வயதுக்காரர்கள் இருக்கிற நாளில் வேண்டாம். வாய்க்குள், மூக்குக்குள் போய்விடும்.

திட்டம் பிசகும்போது

என் முதல் கதை நேரத்துக்கு ஐந்து புத்தகம் எடுத்துப் போயிருந்தேன். இரண்டாவது புத்தகத்தின் பாதியிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், ஒரு பிள்ளை அழுதது, எனக்கும் அழுகை வந்தது. அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, நான் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே இல்லை, புத்தகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். எழுந்து போகிற பிள்ளையை இப்போது நான் இழுத்து உட்கார வைப்பதில்லை. ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் காது இங்கேதான் இருக்கும். வடகம் நனைகிறபோது அங்கிருந்தே கத்துவான்.

அழுகிற குழந்தையின் அம்மா பக்கத்திலேயே உட்காரட்டும். அம்மாக்களும் பாட்டிகளும் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தால் நல்லது, ஆனால் பிள்ளைக்குப் பதிலாக அவர்கள் பதில் சொல்லக் கூடாது. அதை முதலிலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள். பெரிய அக்கா அண்ணன்கள் தம்பி தங்கையைக் கூட்டி வந்து, தங்களுக்கு ஒன்றுமில்லையே என்று மூலையில் நிற்பார்கள். அவர்களிடம் குடையைப் பிடிக்கிற வேலை, தாள் கொடுக்கிற வேலை கொடுங்கள். எங்களுக்கு இப்போது துணைக்கு நிற்பவர்களே அவர்கள்தான்.

பிள்ளைகளைப் படம் எடுத்துப் போட வேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பேசினில் மிதக்கிற கப்பல்களை எடுத்தாலே போதும், முகம் வேண்டியதில்லை.

கிளம்புவதற்கு முன்

வந்த பெற்றோரில் எத்தனை பேர் நூலக உறுப்பினர் என்று பாருங்கள். எங்களிடம் முதலில் ஒருவர்கூட இல்லை. விண்ணப்பப் படிவங்களை நூலகரிடம் வாங்கி, ஜமக்காளத்தின் ஓரத்திலேயே பேனாவோடு வைத்துவிடுங்கள். எழுதத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பிள்ளை ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிற அந்த நேரத்தில் படிவம் கைக்கெட்ட வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் புத்தகம் மறுபடியும் அலமாரிக்குப் போய்விடும்.

எல்லாரும் போன பிறகு ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: தேதி, பொருள், எத்தனை பேர், எந்த இடத்தில் பிள்ளைகள் முன்னால் நகர்ந்து வந்தார்கள், எந்த இடத்தில் பின்னால் போனார்கள். போன ஐப்பசியில் நான் எழுதியது: ‘மழை. 14 பேர். இடி அதிகம் வேண்டும் என்றார்கள். பேசின் சின்னது. அடுத்த முறை இரண்டு.’ ஜமக்காளத்தை வெளியே கொண்டுபோய் உதறி மடித்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்று நூலகரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவருடைய பதிவேட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.